குவீன்ஸ் ஹால் எரிந்த இரவு

(இசை அரங்குகளின் கதை – 11)

சுவருக்குப் பூசும் வண்ணம் லண்டன் சுண்டெலியின் அடிவயிற்று நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார் கட்டடக் கலைஞர் தாமஸ் நைட்லி. வண்ணம் கலக்கும் ஆட்கள் தவறிவிடக் கூடாது என்பதற்காகச் செத்த சுண்டெலிகளைக் கயிற்றில் கோத்துப் பட்டறையில் தொங்கவிட்டிருந்தாராம். லண்டன் லாங்காம் பிளேஸில் 1893-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ் ஹாலைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் இது மிகவும் பிரபலம்.

அந்த அரங்கின் உயிர் வண்ணத்தில் இல்லை, அதற்குப் பின்னால் இருந்தது. சுவரோடு ஒட்டாமல், இடைவெளி விட்டு, மரப்பலகைகளை அடித்தார்கள்.  பலகையின் மேல் முரட்டு கான்வாஸ் துணி. அதற்கும் மேலேதான் பூச்சும் அலங்காரமும். முழு அரங்கும் ஒரு வயலினின் உடல்போல அதிர வேண்டும் என்பது நைட்லியின் கணக்கு. அது பலித்தது. சுமார் 2,500 பேர் கூடிய அந்த அரங்கில் இசை தெளிவாகவும் கனமாகவும் ஒலித்தது. இருக்கைகள் நெருக்கடியானவை என்ற புகார் இருந்தாலும், காதுக்குக் கிடைத்ததில் யாருக்கும் குறையில்லை.

சென்ற இதழில் பார்த்த வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் 1870-இல் திறந்தது. அதற்கு 23 ஆண்டுகள் பிந்திப் பிறந்த குவீன்ஸ் ஹால் ஒரு விஷயத்தில் வியன்னாவை மிஞ்சியது. இங்கே கையில் ஒரு ஷில்லிங் இருந்தால் எந்தக் குமாஸ்தாவும் உள்ளே போய் வாக்னரைக் கேட்கலாம்.

அந்த ஏற்பாட்டின் பின்னால் மூன்று பேர். அரங்கின் மேலாளர் ராபர்ட் நியூமன் முதலாமவர். சாதாரண ஜனங்களை எளிய உருப்படிகளிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பெரிய இசைக்குப் பழக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். இரண்டாமவர் ஜார்ஜ் கேத்கார்ட், காது மூக்கு தொண்டை மருத்துவர். பணம் போட அவர் முன்வந்தபோது இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அப்போது இங்கிலாந்தில் வழக்கில் இருந்த உயர்ந்த சுருதி பாடகர்களின் தொண்டையைக் கெடுக்கிறது, ஆகவே ஐரோப்பாவில் உள்ளதுபோல சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லாக் கச்சேரிகளையும் ஒரே இளைஞர்தான் நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. அந்த 26 வயது இளைஞர்தான் மூன்றாமவர், ஹென்றி வுட்.

1895 ஆகஸ்ட் 10 அன்று முதல் ‘ப்ராமனேட்’ கச்சேரி நடந்தது. தரைத்தளத்தில் நின்று கேட்க ஒரு ஷில்லிங். முழு சீசனுக்கும் ஒரு கினி. புகை பிடிக்கலாம். பாடகர் பாடும்போது மட்டும் தயவுசெய்து தீக்குச்சி கிழிக்காதீர்கள் என்று வேண்டுகோள் வைத்தார்கள். திங்கட்கிழமை வாக்னர், வெள்ளிக்கிழமை பீத்தோவன் என்ற வழக்கம் வேரூன்றியது. ‘ப்ராம்ஸ்’ என்று உலகமே அறிந்த இசை விழா பிறந்தது இப்படித்தான்.

அந்த மேடையில் நடந்தவற்றைப் பட்டியலிட்டால் இந்த இதழ் போதாது. 1901-இல் எல்காரின் முதல் ‘பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்’ அணிவகுப்பு இசையை லண்டன் முதன்முறையாகக் கேட்டபோது ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அரங்கை அமைதிப்படுத்த வுட் அதை மூன்று தடவை வாசிக்க வைக்க வேண்டியதாயிற்று. 1912-இல் ஷோன்பெர்கின் ஐந்து இசைக்குழு உருப்படிகளை உலகில் முதன்முதலாக அரங்கேற்றியவர் வுட்தான். 1913-இல் தம் இசைக்குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டதும் அவரே. லண்டனின் பெரிய இசைக்குழுக்கள் பெண் வாத்தியக்காரர்களை ஏறிட்டும் பார்க்காத காலம் அது.

ஒரு காட்சியை மட்டும் நின்று பார்க்க வேண்டும். 1918 செப்டம்பர் 29, ஞாயிறு காலை. முதல் உலகப்போர் முடியும் தறுவாய். இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் ராணுவத்தினருக்கான கல்விப் பணிக்காக வெளிநாடு கிளம்ப இருந்தார். போவதற்கு முன் அவருடைய ‘கோள்கள்’ தொகுப்பை அவர் காதாரக் கேட்கட்டும் என்று நண்பர் பால்ஃபர் கார்டினர் தம் செலவில் குவீன்ஸ் ஹாலையும் இசைக்குழுவையும் அவருக்குப் பரிசாக அளித்தார். நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே அமர்ந்திருந்தார்கள். வெளித் தாழ்வாரத்தில் தரை தேய்த்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்கள், ‘வியாழன்’ பகுதியின் துள்ளல் காதில் விழுந்ததும் துடைப்பானைக் கீழே வைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். ஹோல்ஸ்ட்டின் மகள் இமோஜன் பதிவு செய்திருக்கும் செய்தி இது. அந்த அரங்கு யாருக்காக இருந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

போர் அந்த அரங்கைக் காயப்படுத்தியது அது எரிந்த 1941-இல்தான் என்று நினைக்க வேண்டாம். அங்கு நடந்த கச்சேரிகளுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கொட்டியவர் எட்கர் ஸ்பேயர் என்ற வங்கியாளர். ஜெர்மானிய வம்சாவளி. 1914-இல் போர் மூண்டதும் அவரை உளவாளி என்று தூற்றினார்கள். பொறுக்க முடியாமல் மறு ஆண்டே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அரங்கு சாப்பெல் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1926-இல் நியூமன் காலமானார். சாப்பெல் ப்ராம்ஸிலிருந்து விலகிக்கொள்ள, 1927-இல் பிபிசி வந்து அதைக் காப்பாற்றியது. இரண்டே ஆண்டில் 13 வயது யெஹூதி மெனுஹின் இந்த மேடையில் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை வாசித்து லண்டனை மலைக்க வைத்தான். 1932-இல் பிபிசி தன் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸை அதே லாங்காம் பிளேஸின் எதிர்ப்புறத்தில் எழுப்பியது. அரங்கிலிருந்து நேரடி ஒலிபரப்பு அன்றாட விஷயம் ஆயிற்று.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் லண்டனின் அரங்குகள் எல்லாம் தற்காலிகமாக மூடப்பட்டன. பிபிசி தன் இசைக்குழுவை ஊரைவிட்டு வெளியே அனுப்பியது. 1940 ப்ராம்ஸை நடத்த பிபிசி தயாராக இல்லை. கீத் டக்ளஸ் என்ற இசை ஆர்வலர் பொறுப்பேற்று நடத்தினார். குண்டுவீச்சு தொடங்கிய அந்த நாட்களில் அபாயச் சங்கு ஒலித்தால் ரசிகர்கள் வெளியே போக முடியாது. கச்சேரி முடிந்த பிறகும் உள்ளேயே இருந்தார்கள். வாத்தியக்காரர்கள் எதையாவது வாசித்தார்கள், ரசிகர்களும் சேர்ந்து பாடினார்கள், விடியும்வரை அரங்கு கலகலத்தது. செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது பெரும் தாக்குதல் ஆரம்பித்தது. தொடங்கிய நான்கு வாரத்திலேயே அந்த சீசன் நின்றுபோனது.

ஆனாலும் பகல் கச்சேரிகள் தொடர்ந்தன. இருட்டுவதற்குள் ஜனங்கள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் எல்லாம் பிற்பகலிலேயே நடந்தன.

1941 மே 10, சனிக்கிழமை பிற்பகலும் அப்படித்தான். ராயல் கோரல் சொசைட்டி என்ற பாடகர் குழு, லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்துநர் மால்கம் சார்ஜென்ட். உருப்படி எல்காரின் ‘தி ட்ரீம் ஆஃப் ஜெரோன்ஷியஸ்’. சாகக் கிடக்கும் ஒரு முதியவரின் ஆன்மா உடலை விட்டு இறைவனின் சந்நிதிக்குப் போகும் பயணத்தைச் சொல்வது அது. குவீன்ஸ் ஹாலில் கேட்ட கடைசி இசை அதுதான். மறுநாளும் கச்சேரி இருந்தது. இசைக்குழுவினர் பலர் வாத்தியங்களை அரங்கிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு பௌர்ணமி. ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் தன்னந்தனியாக விமானம் ஓட்டி ஸ்காட்லாந்தில் குதித்ததும் அதே இரவுதான். லண்டன் மீது நூற்றுக்கணக்கான ஜெர்மன் விமானங்கள் விடியும்வரை அலையலையாக வந்தன. 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பற்றியது. ஏறத்தாழ 1,400 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றத்தின் மக்களவைக் கூடம் எரிந்து விழுந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் பிரிட்டிஷ் மியூசியமும் சேதமடைந்தன.

இந்தப் பேரழிவைச் செய்த ஆயுதம் பார்வைக்கு மிக அற்பமானது. ஜெர்மன் தீக்குண்டின் எடை ஒரு கிலோதான். நீளம் சுமார் ஒரு அடி. மக்னீசிய உலோகத்தால் ஆன உருளை, உள்ளே தெர்மைட். விழுந்ததும் பற்றிக்கொண்டு சில நிமிடங்கள் வெண்ணெருப்பாக எரியும். கண்ணில் பட்ட உடனே ஒரு வாளி மணலைக் கொட்டினால் அடக்கிவிடலாம். கூரை இடுக்கில் சிக்கிக்கொண்டால் கீழே இருப்பவருக்குத் தெரிவதற்குள் உத்தரம் பற்றிவிடும். அதனால்தான் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே கட்டடங்களுக்கு இரவுத் தீக்காவல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. குவீன்ஸ் ஹால் மீது விழுந்தது அப்படி ஒரே ஒரு தீக்குண்டு.

தண்ணீரும் அன்று கைவிட்டது. குடிநீர்க் குழாய்கள் பல இடங்களில் குண்டுபட்டு உடைந்திருந்தன. குழாய் போனால் தேம்ஸ் நதியிலிருந்து இறைப்பது தீயணைப்பு வீரர்களின் வழக்கம். அன்று நதியிலோ வற்றம். கரையோரம் சேறுதான் மிஞ்சியது. நைட்லி அத்தனை அக்கறையாக அமைத்த மரப்பலகையும் கான்வாஸும், அவற்றுக்குப் பின்னால் விட்ட காற்று இடைவெளியும், எந்தத் தீக்கும் வாய்ப்பான விறகு. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஓசையைத் தாங்கிய சுவர் ஒரே இரவில் எரிந்து தீர்ந்தது.

ஞாயிறு காலை கூரை இல்லை. பால்கனி இல்லை. புகையும் இடிபாடும்தான் மிச்சம். பல ஆயிரம் பவுண்டு பெறுமானமுள்ள வாத்தியங்கள் சாம்பலாகிவிட்டன. இடிபாட்டிலிருந்து முழுதாக மீட்கப்பட்டது, சிற்பி டொனால்ட் கில்பர்ட் வடித்த ஹென்றி வுட்டின் வெண்கல மார்பளவுச் சிலை. வுட்டுக்கு அப்போது வயது 72. வாலிபத்தில் நுழைந்து தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடம் அவர் கண்முன்னே இல்லாமல் போயிற்று.

வாத்தியம் இழந்த இசைக்குழுவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். லண்டன் பில்ஹார்மோனிக்கை 1932-இல் நிறுவியவர் தாமஸ் பீச்சம். 1939-இல் அதை நடத்திய நிறுவனம் திவாலானது. பீச்சம் வெளிநாடு போய்விட்டார். அப்போது வாத்தியக்காரர்களே ஒன்றுகூடி, குழுவைத் தாங்களே நிர்வகிப்பது என்று முடிவெடுத்தார்கள். வயோலா வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் ரஸ்ஸல் செயலாளரானார். பணம் இல்லை, புரவலர் இல்லை. 1940-இல் ஜாக் ஹில்டன் என்ற நடன இசைக்குழுத் தலைவர் கைகொடுத்தார். நகைச்சுவை நடிகர்களும் வித்தை காட்டுபவர்களும் ஆடும் வெரைட்டி தியேட்டர்களில் பீத்தோவனையும் சைகோவ்ஸ்கியையும் வாசித்தபடி, சார்ஜென்ட்டின் தலைமையில் அவர்கள் நாட்டைச் சுற்றிவந்தார்கள். சிம்ஃபனி என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் டிக்கெட் வாங்கிக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அப்படித் தட்டுத்தடுமாறி எழுந்தவர்களின் வாத்தியங்கள்தான் எரிந்துபோயின. பிபிசி வானொலியில் ஒரு வேண்டுகோள் விடுத்தது. வீட்டில் சும்மா கிடக்கும் வாத்தியம் இருந்தால் இந்தக் குழுவுக்குக் கொடுங்கள் என்பதே அது. நாடெங்கிலும் இருந்து வாத்தியங்கள் வந்து குவிந்தன. வீட்டுக்கு வீடு ரேஷன், தெருவுக்குத் தெரு இடிபாடு என்றிருந்த நாட்களில், முன்பின் தெரியாத ஒரு வாத்தியக்காரர் வாசிக்கட்டும் என்று ஜனங்கள் தங்கள் சொந்த வாத்தியங்களைக் கொடுத்தார்கள். குழு நிற்கவில்லை. இன்றும் லண்டன் பில்ஹார்மோனிக் வாசித்துக்கொண்டிருக்கிறது. போர்க்கால லண்டனில் நடந்த ஆயிரம் வீரச் செயல்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல இது.

ப்ராம்ஸும் நிற்கவில்லை. தீ அணைந்து இரண்டே மாதத்தில், 1941 ஜூலையில், ராயல் ஆல்பர்ட் ஹாலில் அந்த ஆண்டு சீசன் தொடங்கியது. 1871-இல் திறந்த அந்த நீள்வட்ட மண்டபம் குவீன்ஸ் ஹாலைவிட இரண்டு மடங்கு பெரியது. இடம் தாராளம், எதிரொலியோ அதைவிடத் தாராளம். புதிதாக எழுதிய உருப்படியை ஆல்பர்ட் ஹாலில் வாசித்தால் இரண்டு முறை கேட்கலாம் என்று லண்டன் இசைக்காரர்கள் கேலி பேசுவது வழக்கம். ஆனால் வேறு போக்கிடம் இல்லை. அடுத்த ஆண்டே பிபிசி மீண்டும் பொறுப்பேற்றது. லெனின்கிராட் முற்றுகையில் தவித்துக்கொண்டிருந்த 1942 ஜூனில், ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்ஃபனியை மேற்கு ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய ஹென்றி வுட் அதை ஆல்பர்ட் ஹால் ப்ராம்ஸிலும் நடத்தினார். 1943-இல் வாகன் வில்லியம்ஸ் தம் ஐந்தாவது சிம்ஃபனியை அங்கேதான் அரங்கேற்றினார்.

1944, ப்ராம்ஸின் ஐம்பதாவது சீசன். ஜூன் 10 அன்று தொடங்கியது. மூன்றாம் நாளே ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் லண்டனில் விழத் தொடங்கின. ஆல்பர்ட் ஹாலை மூடிவிட்டு, பிபிசி இசைக்குழு தங்கியிருந்த பெட்ஃபோர்டு நகரிலிருந்து கச்சேரிகளை ஒலிபரப்பினார்கள். ஜூலை 28 அன்று அங்கே பீத்தோவனின் ஏழாவது சிம்ஃபனியை வுட் நடத்தினார். ஜெர்மனியோடு போர் நடந்தாலும் ஜெர்மானிய இசையை அவர் விட்டுவிடவில்லை. அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 19 அன்று காலமானார். எரிந்த அரங்கின் இடத்தில் புதியது எழும்பும் என்ற நம்பிக்கையோடுதான் போய்ச் சேர்ந்தார். அதற்காக அவர் பெயரில் நிதியும் திரட்டப்பட்டிருந்தது.

எழும்பவில்லை. இந்த அத்தியாயத்தில் மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான்.

போர் முடிந்த பின் கட்டுமானப் பொருளுக்கு எங்கும் தட்டுப்பாடு. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டுவதே முதல் கடமை என்றார்கள். அதில் தவறு காண முடியாது. இதற்கிடையில் லண்டன் மாவட்ட மன்றம் தேம்ஸின் தென்கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலைக் கட்டி 1951 மே மாதம் திறந்தது. அதற்குப் பின் குவீன்ஸ் ஹாலைப் பற்றி 1954-இல் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் பொருளாதார அறிஞர் லயனல் ராபின்ஸ், உறுப்பினர்களில் ஏட்ரியன் போல்ட்டும் ஒருவர். இசைக்காகவும் பண்பாட்டுக்காகவும் அந்த அரங்கு மீண்டும் வருவது விரும்பத்தக்கது என்று குழு ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், லண்டனில் இன்னோர் அரங்குக்கு ரசிகர்கள் போதுமா, இருக்கும் இசைக்குழுக்களின் வருமானம் பாதிக்கப்படாதா என்று ஐயத்தையும் கிளப்பியது. ஐயம்தான் வென்றது. மனை அரச நிலத்துறைக்குச் சொந்தம். அங்கே ஓட்டலும் அலுவலகங்களும் எழுந்தன. குவீன்ஸ் ஹாலின் நினைவாக ஒரு பலகை மட்டும் 2000-இல் திறந்துவைக்கப்பட்டது.

குண்டு அரங்கை அழித்தது ஓர் இரவில். அது திரும்பி வராமல் பார்த்துக்கொண்டது அமைதிக் காலத்துக் கணக்குப் புத்தகம்.

அதன் விலையை லண்டன் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஃபெஸ்டிவல் ஹாலில் ஓசை வறட்சியாக இருக்கிறது என்ற குறை திறந்த நாளிலிருந்தே இருந்தது. 1960-களில் மின்னணுக் கருவிகளைப் பொருத்தி எதிரொலி நேரத்தை நீட்ட வேண்டியதாயிற்று. ஆல்பர்ட் ஹாலில் அதற்கு நேர்மாறான நோய். அங்கே எதிரொலியை அடக்க 1969-இல் கூரையிலிருந்து 135 கண்ணாடியிழை வட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ப்ராம்ஸுக்குப் போகிறவர்கள் தலைக்கு மேல் பார்க்கும் ‘காளான்கள்’ அவைதான். 1982-இல் திறந்த பார்பிகன் அரங்கும் முழுத் திருப்தி தரவில்லை. லண்டனுக்கு ஓர் உலகத் தரமான இசை அரங்கு வேண்டும் என்று நடத்துநர் சைமன் ராட்டில் வலியுறுத்த, பார்பிகன் பக்கத்திலேயே ஒரு புதிய இசை மையத்துக்குத் திட்டம் தீட்டினார்கள். 2021 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது.

ஹென்றி வுட்டின் அந்தச் சிலை ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கிடம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஆல்பர்ட் ஹால் ஆர்கனின் முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். கடைசி நாள் கச்சேரியில் அதற்கு மாலை சூட்டுகிறார்கள். மரியாதை சரிதான். ஆனால் வுட் கேட்டது சிலை அல்ல, அரங்கு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நகரம் இருக்கிறது. ஸ்கேட்டிங் மைதானமாக இருந்து 1888-இல் கச்சேரி அரங்காக மாறிய பெர்லினின் பழைய பில்ஹார்மனி, 1944 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்தது. போரில் தோற்று, இரண்டாகப் பிளவுபட்டுக் கிடந்த அந்த ஊர் 1963-இல் தன் இசைக்குழுவுக்குப் புதிய அரங்கு கட்டிக்கொடுத்துவிட்டது. போரில் வென்ற லண்டனால் அது முடியவில்லை. பெர்லினால் எப்படி முடிந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)